பட்டாணி தோற்கப் பழகுகிறாள்

ஜனவரி 9

சின்னவளே,

நீ பட்டுனு போனை வச்சுட்டே. நான் அது தெரியாம செத்த போன்கிட்ட ரொம்ப நேரம் நியாயம் பேசிட்டு இருந்தேன். அதுவாவது குறுக்க பேசாம கேட்டுச்சு. இனிமே உன்கூட போன் வேண்டாம்டி. நீ கத்துவே, நான் அழுவேன், உனக்குப் பின்னாடி வரிசையில நிக்கிற சுரங்கத்து ஆளுங்க நம்ம வீட்டுக் கதையை ஓசியில கேப்பாங்க. அதான் பேனாவைப் பிடிச்சுட்டேன். எட்டாங்கிளாஸோட நின்னவ எழுத்து, பொறுத்துக்கோ. சாமி புண்ணியத்துல உன் மக பட்டாணிக்குக் காய்ச்சல் இல்ல, சளி இல்ல. வாய் மட்டும்தான் கூடிக்கிட்டே போகுது.

நீ பாதி கேட்டுட்டு பாதியில வச்சதை முழுசா சொல்றேன். வகுப்புல படச்சீட்டு விளையாட்டு வச்சிருக்காங்க. பட்டாணி தோத்துட்டா. உடனே மேஜையைக் கவுத்துட்டு, ஜெயிச்ச பொண்ணு கையைக் கடிச்சுட்டா. லேசா இல்ல, பல்லு பதிஞ்சிருக்கு. இது முதல் தடவையும் இல்ல. ஓட்டப்பந்தயத்துல ஒரு தடவை, வரிசையில முன்னாடி விடலைன்னு ஒரு தடவை. தலைமை டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. கோவமாப் பேசல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. "இப்போதைக்கு வீட்ல இருக்கட்டும்மா. மார்ச் கடைசியில கூட்டிட்டு வாங்க. நாலு பிள்ளைங்களோட உக்கார வச்சு நானே பாக்குறேன். சமாளிச்சா ஜூன்ல வரட்டும். இல்லைன்னா வேற இடம் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு, விளையாட்டு வச்சுப் பிள்ளைங்களைப் பழக்குற ஒரு தெரபி சார் விலாசம் குடுத்தாங்க.

அதைத்தான் நீ "படிக்கிற பிள்ளையை விளையாட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா"ன்னு கேட்டே. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். மருந்துக் கடைக்கு மேல ஒரு ரூம். தரையெல்லாம் நீலப் பாய், அலமாரி முழுக்க பொம்மை, கட்டை, பந்து. தாடி வச்ச ஒரு பையன் தரையில உக்காந்திருக்கான். ஃபேன் ரிப்பேருக்கு வந்தவன்னு நினைச்சு, "சார் எப்ப வருவார்?"னு அவன்கிட்டயே கேட்டுட்டேன். "வந்துட்டேன் பெரியம்மா, உக்காருங்க"ங்கறான். பட்டாணி பெரியம்மான்னு கூப்பிட்டதைக் கேட்டு அவனுக்கும் நான் பெரியம்மா ஆயிட்டேன்.

துணி காயப்போடுற கிளிப்பைக் குடுத்து பஞ்சு உருண்டையை ஒவ்வொண்ணா எடுத்து கிண்ணத்துல போடச் சொன்னான். அப்புறம் களிமண்ணுல ஒளிச்சு வச்ச மணியைத் தோண்டி எடுக்கணும். நான் பொறுத்துப் பாத்து, "பாடம் எப்ப சார் ஆரம்பிக்கும்?"னேன். "ஆரம்பிச்சாச்சு பெரியம்மா"ன்னான். அவ விரல்ல வலு கம்மியாம். பென்சில் பிடிச்சா சீக்கிரம் வலிக்குது, மத்த பிள்ளைங்க முடிக்கிறப்ப இவ பாதியில நிக்கிறா. எதுலயும் கடைசி. "இவளுக்குத் தோக்கறதுன்னா மாடியில இருந்து விழற மாதிரி. நாம ஒரு படியில இருந்து, ரெண்டு படியில இருந்து விழப் பழக்குவோம். விளையாட்டுல விழுந்தா எலும்பு உடையாது"ன்னு சொன்னான். எனக்கு அது புரிஞ்சுது. உனக்கும் புரியும், வச்ச போனை நினைச்சு வெக்கப்பட்டப்புறம்.

மாப்பிள்ளையைக் கேட்டதா சொல்லு. லாரியை மெதுவா ஓட்டச் சொல்லு.

பாதி கோபத்தோட,
அக்கா


ஜனவரி 20

அக்கா,

கடிதம் கிடைத்தது. போனை வைத்தது தப்புதான். சொன்னது தப்பில்லை.

இங்கே கிளினிக்கில் தினமும் நசுங்கிய விரலும் கிழிந்த தோளுமாக ஆட்கள் வருகிறார்கள். நான் கட்டுப் போட்டு அனுப்புகிறேன். மறுநாளே சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். வாழ்க்கை யாருக்கும் கிளிப்பும் பஞ்சும் கொடுத்துப் பழக்குவதில்லை. சுரங்க முகாமில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதால்தான் அவளை உன்னிடம் விட்டேன். கெட்டிக்காரியாக வளர்ப்பாய் என்று விட்டேன்.

இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இருக்கிறது. வார்டனைப் போய்ப் பார்த்தேன். கண்டிப்பானவர். "கடிக்கிற பிள்ளைங்க எல்லாம் இங்க ஒரு மாசத்துல அடங்கிடும்" என்றார். எனக்காக ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறார். மார்ச் முடிவதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். உன் தலைமை டீச்சர் சொன்ன நாளும் அதுதான். அன்றைக்கு அவள் சமாளித்தால் உன்னிடமே இருக்கட்டும். இல்லையென்றால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்குப் பிறகு நீ அழக் கூடாது.

இன்னொன்று. நாம் சண்டை போடுவதற்கு முந்தின வாரம் போனில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில், "பெரியம்மாகிட்ட குடுக்குறேன்" என்று ஓடிவிட்டாள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையும் சேர்த்துத்தான் கத்தினேன் போலிருக்கிறது.

அவருக்கு உன் விசாரிப்பைச் சொன்னேன். மெதுவாகத்தான் ஓட்டுகிறாராம்.

உன் தங்கை


பிப்ரவரி 1

சின்னவளே,

அடங்கிடும்னு சொன்னாரா அந்த வார்டன்? காய்ச்சல் அடங்கும், காத்து அடங்கும். பிள்ளை எதுக்குடி அடங்கணும்? சரி, சண்டை வேண்டாம். காலையில கும்பிடும்போது "இன்னைக்கு என் வாயைக் கட்டு சாமி"ன்னு வேண்டிக்கிட்டுத்தான் எழுத உக்காந்தேன். பாதி கட்டிட்டார்.

உன்கிட்ட ஒரு கேவலத்தைச் சொல்லணும். நான் பிடிபட்டுட்டேன்.

தெரபி சார் வீட்லயும் தினமும் விளையாடச் சொல்லி பாம்பு ஏணி அட்டை குடுத்தனுப்பினான். நானும் உருட்டினேன். குழந்தை தோத்தா முகம் வாடுமேன்னு என் காயை ஒரு கட்டம் குறைச்சு வைப்பேன். ஆறு விழுந்தா, "அடடா, காலு பட்டுடுச்சு"ன்னு திரும்ப உருட்டுவேன். பாம்பு வாய்க்குத் தள்ளி இருந்தாலும் நானே போய் வாயில விழுவேன். அவ கைதட்டிச் சிரிப்பா. வீட்ல ஒரு நாள் கூட அழுகை இல்ல. "பிள்ளை திருந்திட்டா, சாமி கண்ணைத் திறந்துட்டார்"னு நினைச்சேன்.

அங்க ரூமுக்குப் போனா முதல் ஆட்டத்துலயே அவன்கிட்ட தோத்தா. அட்டை பறந்துச்சு. கட்டை பறந்துச்சு. அலமாரியில ஏறப் போனா. அவன் பதறவே இல்ல, பக்கத்துல உக்காந்து மூச்சு விட்டுக்கிட்டே இருந்தான். அவ அடங்கினப்புறம் என்னையும் விளையாட உக்கார வச்சான். எனக்கு அஞ்சு விழுந்துச்சு, நான் நாலு நகத்தினேன். பழக்கம்டி, கை தானா நின்னுடுச்சு.

"பெரியம்மா, நீங்க ஏமாத்துறீங்க"ன்னான்.

ஒரு பொய் சொல்லாதவ நான். கடைக்காரன் மீதி கூடக் குடுத்தா திரும்பப் போய்க் குடுக்கிறவ. என்னையப் பாத்து! "தோக்கறதுக்கு யாராவது ஏமாத்துவாங்களா சார்?"னு கேட்டேன்.

"நீங்க ஏமாத்துறீங்களே. வீட்லயும் இதேதானா?"

"எனக்கு சின்ன நம்பரா விழணும்னு வேண்டிக்குவேன், அவ்வளவுதான்."

"சாமியையும் கூட்டு சேத்துட்டீங்களா?" விழுந்து விழுந்து சிரிச்சான். பட்டாணியும் சிரிச்சா. எனக்கு அங்கயே பூமி பிளந்தா நல்லா இருக்கும் போல ஆச்சு. அப்புறம் தன்மையாத்தான் சொன்னான். நான் அவளைக் கீழ விழவே விடாம தூக்கிக்கிட்டே நடக்கிறேனாம். வெளிய போனா தரை புதுசா இருக்காம். இனிமே நிஜமா விளையாடணும்னுட்டான். நானும் சரின்னுட்டேன். நேத்து நிஜமா விளையாடினேன். ஜெயிச்சுட்டேன். சொல்லக் கூடாது, ஆனா உன்கிட்ட சொல்றேன், எனக்கு நல்லா இருந்துச்சு. அவ சோஃபா மெத்தையை உதைச்சா, என்னை உதைக்கல. சாதம் ஆறிப் போற வரைக்கும் மேஜைக்கடியில இருந்தா. அப்புறம் தானா வந்தா.

இப்ப உனக்கு ஒரு வேலை. இதோட ஒரு தாள் வச்சிருக்கேன், புள்ளி வச்சது. ரெண்டு புள்ளியை ஒரு கோட்டால சேக்கணும். நாலு பக்கமும் மூடி ஒரு கட்டமாக்குறவங்க அதுக்குள்ள தன் எழுத்தைப் போட்டுக்கணும். அவளுக்கு "ப", உனக்கு "அ". ஒரு தடவைக்கு மூணு கோடு, கட்டம் மூடினா இன்னொண்ணு. சார் யோசனை இது. கோடு நேரா போட்டுக் கை பழகும், உன் முறை வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்து மனசும் பழகும்ங்கறான். முதல் மூணு கோடு உன் மக போட்டிருக்கா. வளைஞ்சிருந்தா கண்டுக்காதே.

உன் ஏமாத்துக்கார
அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

நர்ஸ் வேலை பார்க்கிறவளைப் புள்ளிக்குப் புள்ளி கோடு போட வைத்துவிட்டாய். பரவாயில்லை, போட்டுவிட்டேன். தாளை உடன் அனுப்புகிறேன்.

அவள் பிடித்த பென்சில் அழுத்தி அழுத்தித் தாளின் மறுபக்கம் வரை தெரிகிறது. விரலால் தடவிப் பார்த்தேன்.

வார்டன் மறுபடி கேட்டார். மார்ச் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 20

சின்னவளே,

தாள் வந்துச்சு. உன் மக என்ன பண்ணினா தெரியுமா? முதல்ல துள்ளினா. தரையில படுத்துக்கிட்டு தாளை மூக்குக்குக் கிட்ட வச்சுப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் முகம் சுண்டிப் போச்சு.

"பெரியம்மா, அம்மா விளையாடல."

"ஏண்டி, மூணு கோடு போட்டிருக்காளே?"

"இங்க பாரு. இதுல மூணு பக்கம் வச்சு விட்டிருக்காங்க. இதுலயும். நான் ஒரு கோடு போட்டா என் கட்டம். இது சும்மா. குட்டிப் பாப்பாவுக்கு விளையாடுற மாதிரி விளையாடுறாங்க."

அழுதா. மேஜையைக் கவுக்கிற அழுகை இல்ல இது. சத்தமே இல்ல. கேட்டியா, நான் பண்ணின அதே வேலையை நீ அங்க இருந்து தபால்ல பண்ணியிருக்கே. அக்கா தங்கச்சி ரெண்டும் ஒரே மண்டை.

அப்புறம் ரப்பரை எடுத்தா. உன் கோடு மூணையும் அழிச்சுப் பாத்தா. பேனாவுல போட்டிருக்கே, போகல. தாள் தேஞ்சுதான் மிச்சம். அதனால வேற தாள்ல மறுபடி புள்ளி வச்சு, தன் மூணு கோட்டை மட்டும் அதே இடத்துல போட்டுத் தந்திருக்கா. "நிஜமா போடச் சொல்லு. பென்சில்ல போடச் சொல்லு"ன்னு உத்தரவு. கோடு எவ்வளவு நேரா இருக்கு பாரு! ஸ்கேல் வைக்கல, சத்தியமா. கிளிப்பும் களிமண்ணும் வேலை செய்யுதுடி. இப்பல்லாம் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்குறா.

தெரபி சார்கிட்ட சொன்னேன். "அம்மா தன்கூட விளையாடணும்னு இவ நினைக்கிறா பெரியம்மா. ஜெயிக்கணும்னு இல்ல"ன்னான்.

எழுது. இல்லைன்னா தாளை மட்டுமாவது அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 28

அக்கா,

உன் கடிதத்தை கிளினிக்கில் நின்றபடியே படித்தேன். ஊசி போட வந்தவர், "சிஸ்டர், கெட்ட சேதியா?" என்று கேட்டார். இல்லை, என் மகள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் என்றேன்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவ்வளவு தூரத்தில் இருந்து அவளுக்கு நான் கொடுக்க முடிந்தது அந்த இரண்டு கட்டம்தான் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த முறை நிஜமாகப் போட்டிருக்கிறேன். தாளை மேஜை மேல் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டை விரலில் கட்டுப் போட்டிருந்த, சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் ஆள் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், அங்க போடாதீங்க, பாப்பா உங்களை முடிச்சிடும்" என்றார். இன்னொருவர் அதெல்லாம் இல்லை என்றார். சண்டையாகிவிட்டது. மருத்துவர் வந்து இருவரையும் விரட்டினார், போகும்போது அவரும் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. என் மூளை, என் கோடு.

இனி ஒவ்வொரு முறையும் கடிதம் எழுத எனக்கு நேரம் இருக்காது. தாள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கட்டும்.

உன் தங்கை


மார்ச் 14

சின்னவளே,

தாள் உன்கிட்ட இருக்கு, இப்ப உன் முறை. இந்த வாரம் முழுக்க வீட்ல ஒரே கேள்வி. "தபால்காரர் வந்தாரா?" அவர் சைக்கிள் மணி தெருமுனையில கேட்டாலே வாசல்ல நிக்கிறா. வரலைன்னா உதட்டைப் பிதுக்கிட்டு உள்ள வந்து கட்டை அடுக்குறா. உருட்டின டைஸ் நிக்கிறதுக்குள்ள தன் காயை நகத்தின பிள்ளைடி இது!

ரூம்ல இப்ப ஒரு மரக்கட்டை விளையாட்டு. அடுக்கி வச்ச கோபுரத்துல இருந்து ஒவ்வொண்ணா உருவணும், யார் கையில சரியுதோ அவங்க தோத்தாங்க. உருவுறதுக்கு முன்னாடி "சரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்"னு சத்தமா சொல்லணும். முதல்ல "சாரைக் கடிப்பேன்"னு சொன்னா. அவன் "சரி, வேற?"ன்னான். இப்ப "பந்தைப் பிசைவேன், அப்புறம் தண்ணி குடிப்பேன்"ங்கறா. நிறைய தடவை சொன்னபடி செய்றா. ஒவ்வொரு தடவையும் செய்றான்னு பொய் சொல்ல மாட்டேன், நான் திருந்தினவ. புதன்கிழமை ஒரு கட்டையை ஜன்னலுக்கு வெளிய வீசிட்டா. கீழ மருந்துக் கடைக்காரர் எடுத்துக்கிட்டு மேல வந்துட்டார்.

தலைமை டீச்சர் இருபத்தி நாலாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க. நான் இப்பவே நாள் எண்ணிட்டு இருக்கேன். அவளுக்கு ஒண்ணும் இல்ல.

அக்கா


மார்ச் 18

அக்கா,

தாளைத் தனியாக ஒட்டிய உறையில் வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி.

ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரு மூலையை நான் மூடினேன், அது அடுத்ததைத் திறந்தது, அது அதற்கடுத்ததை. வரிசையாக மூடிக்கொண்டே போய்விட்டேன். ஒன்பது கட்டத்தில் ஆறு "அ". நிஜமாக விளையாடு என்றாள், விளையாடினேன். அவள் தோற்றுவிட்டாள், அதுவும் என்னிடம்.

இது இருபத்தி இரண்டு, இருபத்தி மூன்றில் உன் கைக்கு வரும். மறுநாள் பள்ளிக்கூடம். அதனால் கேட்கிறேன், உறையை அது முடியும்வரை அவளிடம் காட்டாதே. ஒரே ஒரு நாள்தான். இதைப் பார்த்துவிட்டுப் போய் அங்கே யாரையாவது கடித்தாள் என்றால் அந்தப் பள்ளிக்கூட இடத்தை இழக்க வைத்தவள் நானாகிவிடுவேன். பிறகு அவளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடும்போது அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஒளித்து வை. தயவு செய்து.

உன் தங்கை


மார்ச் 25

சின்னவளே,

ஒளிச்சு வச்சேன். தையல் மெஷின் டிராயர்ல, துணிக்கடியில. இருபத்தி மூணாம் தேதி மத்தியானம் வந்துச்சு, அவ குளிச்சிட்டு இருந்தா. வெளிய வந்ததும், "தபால்காரர் வந்தாரா?"ன்னா.

"இல்ல"ன்னேன்.

"சரி, நாளைக்கு வரும்"னு தலையைத் துவட்டிக்கிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். என்னால முடியலடி. அவ காத்திருக்கக் கத்துக்கிட்டு நிக்கிறா, நான் வந்ததை வரலைங்கறேன். இது என்ன பழக்குறது? சாமி படத்துக்கு முன்னாடி போய் நின்னேன். அவரும் என்னையே பாத்தார். டிராயரைத் திறந்துட்டேன். நீ திட்டு, பரவாயில்ல.

"பட்டாணி, பொய் சொல்லிட்டேன். வந்துடுச்சு."

பிரிச்சா. விரல் வச்சு எண்ணினா. மறுபடி எண்ணினா. மூக்கு விடைச்சுது, கழுத்து சிவந்துச்சு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வாயைத் திறந்து "பரவாயில்லடா கண்ணு"ன்னு சொல்லிடக் கூடாதுன்னு முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன், நிஜமா. தாளை எடுத்துக்கிட்டு மேஜைக்கடியில போனா. உள்ள இருந்து காலால மேஜையை உதைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுச்சு. அப்புறம் தாள் சரசரக்குது. கிழிக்கிறாளோன்னு பாத்தா, இல்ல. உள்ள இருந்தே கூப்பிடுறா:

"பெரியம்மா! அம்மா இந்த மூலையில இருந்து ஆரம்பிச்சிருக்காங்க. நான்தான் அதைத் திறந்து விட்டுட்டேன். இது தெரிஞ்சிருந்தா நான் அங்க போட்டிருக்கவே மாட்டேன்!"

பெருமை மாதிரி இருந்துச்சுடி குரல்ல. அம்மா எப்படிப் பண்ணினாங்க பாருன்னு எனக்கே விளக்கம் சொல்றா. ராத்திரி தாளைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினா.

நேத்து பள்ளிக்கூடம். நாலு பிள்ளைங்க, மரக்கட்டை இல்ல, அதே படச்சீட்டு. கடிபட்ட பொண்ணும் அதுல ஒருத்தி! தலைமை டீச்சர் வேணும்னேதான் உக்கார வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு கையை மடிக்குள்ள வச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு எனக்குத் தெரிஞ்ச எல்லா வேண்டுதலும் பண்ணிட்டேன், "ஜெயிக்க வை"ன்னு மட்டும் வேண்டல. பட்டாணி தோத்தா. மேஜையை ஒரு அடி அடிச்சா, டப்புனு. அந்தப் பொண்ணு நாற்காலியோட பின்னாடி நகந்துச்சு. டீச்சர் எழுந்துக்கப் போனாங்க. இவ எழுந்து போய்ப் பானையில தண்ணி குடிச்சா. குடிச்சிட்டு நின்னா. திரும்பி வந்து, "இன்னொரு ஆட்டம்"னு சொன்னா. டீச்சர், "நேரம் ஆச்சு"ன்னாங்க. கோவத்துல நாற்காலியை ஒரு உதை. விழுந்துச்சு.

போச்சுடான்னு நினைச்சேன்.

டீச்சர் அமைதியா, "அதை நிமித்து"ன்னாங்க. நிமித்தினா. அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட, "உன்னைக் கடிக்க மாட்டேன். ஜூன்ல வந்து ஜெயிப்பேன்"னு சொன்னா. அந்தப் பொண்ணு, "பாக்கலாம்"னுச்சு. அது வாயாடி, இவளுக்குச் சரியான ஜோடி.

டீச்சர் வெளிய வந்து, "ஜூன்ல அனுப்புங்க. தெரபியை நிறுத்தாதீங்க"ன்னாங்க. எனக்குக் காலு தரையில நிக்கல. தெரபி சார்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன், அவன் நாற்காலி கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். "நிமித்தினாளா? தானாவா?"ன்னு.

வார்டனுக்குச் சொல்லிடு. புதுத் தாள் வச்சிருக்கேன். தோத்தவங்க முதல்ல ஆரம்பிக்கணுமாம், இவளே போட்ட சட்டம்.

அக்கா


மே 2

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கே வார்டனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார். என் மகள் தோற்றுவிட்டாள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டாவது ஆட்டத்தின் தாள் நேற்று முடிந்து வந்தது. நான் தோற்றுவிட்டேன். ஐந்துக்கு நான்கு. விட்டுக்கொடுக்கவில்லை, உன் சாமிமேல் ஆணை. துளை போடும் ஆளிடம் யோசனை கூடக் கேட்டேன். அந்த மூலையை எனக்குக் காட்டி ஏமாற்றி, இந்தப் பக்கமாக வந்து வரிசையாக மூடிவிட்டாள், உன் வளர்ப்பு. கடைசிக் கட்டத்தில் அந்த "ப"வை எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறாள் பார்த்தாயா?

அவர் லாரியில் இருந்து இறங்கி வந்து, "விடு, குழந்தைதானே" என்றார். எனக்குத் தாளைக் கிழித்து அவர் மேலேயே வீசலாம் போலிருந்தது. கிழிக்கவில்லை. தண்ணீர் குடித்தேன்.

பதினைந்தாம் தேதி முதல் எனக்கு லீவ். நேரில் வருகிறேன். தபால் வேண்டாம், எதிரே உட்கார வேண்டும். அவளிடம் சொல்லி வை, தோற்றவள் முதலில் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்தான், மாற்றக் கூடாது.

உன் தங்கை